கை நிறைய வளையம்

"இது நீ கண்ணால பாத்ததா, இல்ல மன்சுல நென்ச்சிகினதா?"

கெங்கம்மா அக்கா என்னிடம் ஒருமுறை கேட்ட கேள்வி இது. எத்திராஜ் மாமாவின் காரியம் முடிந்து, பந்தல் பிரித்த பிறகு, எங்கள் மொட்டைமாடிக்கு ஏறி வந்து கேட்டாள். அவள் கையில் நான் வரைந்த படம் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பிளைவுட் துண்டு. அதில் எத்திராஜ் மாமா தன் ஃபைபர் போட்டைத் தண்ணீருக்குள் தள்ளிக்கொண்டிருப்பார். தலையில் மஞ்சள் துணி கட்டியிருப்பார். என்னைக் கேட்காமலேயே அம்மா அதை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்திருந்தாள்.

அவர் கடைசியாகக் கடலுக்குப் போன காலை அது. கரையைக் காக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களுக்குப் பக்கத்தில் எஞ்சின் நின்றுபோய், அலை போட்டைக் கவிழ்த்துவிட்டது. கெங்கம்மா அக்கா அன்றைக்கு மகளின் பிரசவத்துக்காக ராயபுரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். புருஷன் கிளம்பியதை அவள் பார்க்கவில்லை. நான் மாடியிலிருந்து பார்த்தேன்.

பார்த்ததுதான் என்று சொன்னேன். அவள் விடவில்லை. தலையில் கட்டியிருந்தது என்ன துணி என்று கேட்டாள். உன் பழைய பாவாடைத் துணிபோல இருந்தது என்றேன். போகும்போது வீட்டுப் பக்கம் திரும்பினாரா என்றாள். ஒரு தடவை திரும்பினார் என்றேன். கடைசியில், காதுக்கு மேலே நான் வைத்திருந்த வெள்ளைப் புள்ளியைக் காட்டி அது என்ன என்றாள். பீடி என்றேன்.

"வுட்டுட்டேன்னு பொண்ணு தலை மேல கை வச்சி சொன்னான், பேமானி" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சாவு விழுந்த பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். பிறகு படத்துக்கு என்ன விலை என்று கேட்டாள். என் படத்துக்கு விலை கேட்ட முதல் ஆள் அவள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இடுப்புச் சுருக்குப் பையில் இருந்ததை அப்படியே என் கையில் வைத்து மூடிவிட்டு இறங்கிப் போனாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். கொரோனா சமயத்தில் வகுப்பெல்லாம் போனில் நடந்தது. வீட்டில் இருந்த ஒரே போன் பிரகாஷ் அண்ணனோடு கடலுக்குப் போய்விடும். அது கரையில் இருக்கும் நாட்களில் டீச்சர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தொண்டை அடைத்துக்கொள்ளும். ஜோதிகா, லைனில் இருக்கிறாயா, இல்லையா என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருப்பேன். பள்ளி திறந்தபோது நான் போகவில்லை. நாலு பேர் எதிரில் பேச வேண்டியிருக்கும் எந்த இடத்துக்கும் நான் போவதில்லை.

வரைவதற்குப் பேச வேண்டாம். போட் ரிப்பேர் செய்யும் இடத்தில் வெட்டிப் போடும் பிளைவுட் துண்டுகளை அண்ணன் பொறுக்கி வருவான். ஓரம் கையைக் கிழிக்காதபடி உப்புத்தாள் வைத்துத் தானே தேய்த்தும் கொடுப்பான். "இந்தாங்க ஆர்டிஸ்ட் மேடம், இன்னிக்கு லோடு" என்பான். போட்டுக்கு அடித்து மிஞ்சிய பெயின்டையும் அவன்தான் சின்னச் சின்ன டப்பாக்களில் கொண்டுவருவான். எங்கள் மாடியில் ஈரப் படத்தை அப்படியே வைத்தால் எண்ணூர் அனல்மின் நிலையக் கரித்தூள் வந்து ஒட்டிக்கொள்ளும். அதனால் அம்மாவின் மீன் கூடையைக் கவிழ்த்து மூடி, உள்ளே காயவைப்பேன். கோழிக்குஞ்சு வளர்க்கிறாயா என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்வார்கள்.

படங்களை வெளியே கொண்டுபோனவள் செங்கொடி. என்னோடு படித்தவள், கொருக்குப்பேட்டையில் ஒரு மொபைல் கடையில் வேலை செய்கிறாள். முதலில் கடைக் கண்ணாடிக்குப் பின்னால் நாலு படம் மாட்டினாள். போன் ரிப்பேருக்கு வந்தவர்கள் வாங்கிப் போனார்கள். பிறகு பழைய போன் ஒன்றைச் சரிசெய்து என்னிடம் கொடுத்து, இன்ஸ்டாகிராமில் எனக்கு ஒரு பக்கம் திறந்தாள். 'உள்ளங்கைப் படம்' என்று பெயர் வைத்தோம். என் பெயரோ முகமோ அதில் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். பக்கத்தின் மேலே என்ன எழுதுவது என்று அவள் கேட்டபோது, எனக்குக் கெங்கம்மா அக்கா நினைவுக்கு வந்தாள். 'பார்த்ததை மட்டும் வரைகிறேன்' என்று எழுதினேன்.

செங்கொடி நிறைய விதிகள் வைத்திருந்தாள். காலை வெயிலில்தான் போட்டோ எடுக்க வேண்டும். படத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தால்தான் அளவு தெரியும். எந்த இடத்தில் வரைந்தது என்று போட வேண்டும், ஊர்ப் பெயர் தெரிந்தால்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், யார் என்ன கேட்டாலும் பதில் எழுத வேண்டும். "பதில் சொல்லாத கடைக்கு எவன்டி வருவான்?" என்பாள்.

அந்தக் கடைசி விதிதான் எனக்குப் பிடித்திருந்தது. எழுதும்போது தொண்டை அடைப்பதில்லை. கோயம்புத்தூரில் யாரோ ஒரு அம்மா, கடல் ஏன் நீலமாக இல்லை என்று கேட்பார். எங்கள் கடல் மழைக்காலத்தில் டீ நிறத்தில் இருக்கும் என்று எழுதுவேன். பெங்களூரிலிருந்து ஒருவர், பார்சலைத் திறந்தால் மீன் வாடை அடிக்கிறது என்று எழுதினார். மீன் பெட்டித் தெர்மகோலை வெட்டித்தான் பார்சல் கட்டுகிறேன், மன்னியுங்கள் என்றேன். அவர் இன்னும் இரண்டு படம் கேட்டார். நேரில் ஒரு வார்த்தை பேச முடியாத நான் அங்கே வாயாடியாக இருந்தேன். முகம் தெரியாத அவர்கள் எல்லோரும் தூரத்தில், கடல் இல்லாத ஊர்களில் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

வளையப் படத்தை அப்படித்தான் போட்டேன்.

சுருக்கு வலை என்று ஒன்று உண்டு. சுருக்குப் பையின் வாயை நாடா இழுத்து மூடுவதுபோல, இந்த வலையின் அடிப்பக்கத்தைக் கயிறு இழுத்து மூடும். அந்தக் கயிறு ஓடுவதற்காக அடியில் வரிசையாக இரும்பு வளையங்கள் கோத்திருக்கும். மீன் கூட்டத்தைச் சுற்றிப் போட்டு இழுத்தால் குஞ்சுகூடத் தப்பாது. பெரிய போட் வைத்திருப்பவருக்கு ஒரே இழுப்பில் கரை நிறையும். ஃபைபர் போட்டில் போகிறவர்கள் பிறகு பல நாள் வெறும் வலையோடு திரும்புவார்கள். அரசாங்கம் தடை போட்டும் அது ஓயவில்லை. எங்கள் குப்பத்துக்கும் பக்கத்துக் குப்பத்துக்கும் கடலிலேயே அடிதடி நடந்து மண்டை உடைந்தது. அதன் பிறகு இரண்டு ஊரும் அம்மன் கோயில் வாசலில் கூடினார்கள். போட் வைத்திருக்கிற ஒவ்வொருவரும், எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து, இனி அந்த வலையைத் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். மீறினால் வலையைக் கரையிலேயே கொளுத்துவது, போட்டைத் தண்ணீரில் இறக்க விடாமல் வைப்பது, அந்தப் போட்டில் போனவர்களை வேறு எந்தப் போட்டிலும் ஏற்றாமல் இருப்பது என்று முடிவானது. பெரிய போட் வைத்திருக்கும் நீலமேகம் மாமாவும் கற்பூரம் அணைத்தார். அவர் போட்டில் வேலை செய்யும் என் அண்ணன் அவருக்குப் பின்னால் நின்றிருந்தான்.

ஒரு வியாழக்கிழமை விடியலில் நான் மாடியில் படங்களைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தேன். கரையில் ஒரு டெம்போ நின்றது. நீலத் தார்ப்பாயில் சுற்றிய வலையைச் சிலர் இறக்கினார்கள். அண்ணன் வளையங்களைச் சுமந்து போட்டுக்கு நடந்தான். மூட்டையாகக் கட்டினால் சத்தம் வரும் என்றோ என்னவோ, இரண்டு கைகளிலும் மணிக்கட்டிலிருந்து முழங்கைக்கு மேல்வரை அவற்றை மாட்டிக்கொண்டிருந்தான். ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கக் கைகளை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்து, அடிமேல் அடி வைத்து நடந்தான். வளைகாப்புக்கு உட்கார்ந்து எழுந்த பெண் அப்படித்தான் நடப்பாள். அப்போதுதான் வெளிச்சம் வந்து ஒவ்வொரு வளையத்தின் விளிம்பிலும் ஒரு கோடு போட்டது.

அது என்ன வளையம் என்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். குப்பத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நான் வலையை நினைக்கவில்லை. அந்த விளிம்புக் கோட்டைத் துடைப்பக் குச்சியால் இழுக்கலாமா, ஊசியாலா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதுகைத்தான் வரைந்தேன், முகம் இல்லை. பின்னால் போட்டின் பச்சை உடம்பும், அதில் ஓடும் சிவப்புப் பட்டையும் வந்தது. அதுவரை நான் வரைந்ததில் அதுதான் நன்றாக வந்த படம்.

மறுநாள் காலையில் ஊர்ப் பெயரோடு அதைப் போட்டேன். மத்தியானத்துக்குள் செங்கொடி மூச்சு வாங்கிக்கொண்டு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். அவள் கடைக்கு வருகிறவர்களின் போனில்கூட அந்தப் படம் ஓடுகிறதாம். ஆம்பளைக்கு வளைகாப்பா என்று யாரோ சிரித்திருந்தார்கள். சுவரில் மாட்டப் பெரியதாக வரைந்து தர முடியுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டே வந்தேன். நடுவில் ஒருவர், 'அருமை தங்கச்சி. இது உங்க கரையா? எப்ப பாத்தது?' என்று கேட்டிருந்தார். தங்கச்சி என்றதில் எனக்குச் சந்தோஷம். 'எங்க கரைதாண்ணா. நேத்து காலைல பாத்தேன்' என்று எழுதி, கும்பிடும் கை ஒன்றும் போட்டேன்.

அவர் பக்கத்துக் குப்பத்துக்காரர்.

சாயங்காலம் அண்ணன் வந்தபோது அம்மா மீன் விற்கப் போயிருந்தாள். அவன் செருப்பைக் கழற்றவில்லை. போனை என் முகத்துக்கு நேரே நீட்டினான். என் படமும் அதற்குக் கீழே நான் எழுதிய பதிலும் சேர்ந்து ஒரு போட்டோவாக அதில் இருந்தது. மீனவர் குரூப் எல்லாவற்றிலும் போய்க்கொண்டிருக்கிறது என்றான்.

"நீதான இது?"

நான் தலையாட்டினேன். செங்கொடி கடையில் என் படம் மாட்டியிருப்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். இந்தப் பக்கத்தைப் பற்றி நான் சொன்னதில்லை.

"நான் தேச்சி குட்த்த பலகைல என்னையே வரஞ்சிகீறே" என்றான்.

அடிப்பான் என்று நினைத்தேன். அவன் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டான். அவன் கைகளில் வளையங்கள் உரசிய இடமெல்லாம் தோல் வழன்று, துருவின் நிறத்தில் வரிவரியாக இருந்தது. முந்தின நாள் நான்தான் அதில் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தேன். வலை இழுத்தது என்று அவன் சொல்ல, சரி என்று கேட்டுக்கொண்டு தடவினேன்.

நீலமேகம் மாமா அடுத்த மாதம் போட்டை அவன் பொறுப்பில் விடுவதாகச் சொல்லியிருந்தார். அவன்தான் இனி டிரைவர். பதினைந்து வயதிலிருந்து மற்றவர்கள் போட்டில் ஐஸ் அள்ளியும் தண்ணி இறைத்தும் வந்தவன், ஒரு போட்டின் சுக்கானைப் பிடிக்கப் போகிறான். அவன் கேட்டது அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த வலையைத் தொட்டேன் என்று என்னிடம் அவன் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது. இப்போது ஊர் கூடி அது உண்மை என்று முடிவு செய்தால், டிரைவர் வேலையும் இல்லை, ஐஸ் அள்ளும் வேலையும் இல்லை.

நான் படத்தை அழித்தேன். பக்கத்தையே மூடிவிடலாமா என்று செங்கொடியிடம் கேட்டேன். நம்மிடம் இருப்பதைத்தான் நாம் அழிக்க முடியும், அவன் அவன் போனில் இருப்பதை எப்படி அழிப்பது என்று அவள் மெதுவாகச் சொன்னாள். இடத்தைப் போடச் சொன்னது நான்தானே என்று அழுதாள்.

சனிக்கிழமை நீலமேகம் மாமாவே வீட்டுக்கு வந்தார். அண்ணன் சுவரோரம் நின்றான். மாமா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கூடைக்குள் இருந்த படங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்திருந்த அம்மா, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். அவர் என் கையைப் பாராட்டினார். புது போட் ஒன்று கட்டப் போவதாகவும், பூஜைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு படம் என்னிடம்தான் வாங்கப் போவதாகவும் சொன்னார். எழுந்து போகும்போதுதான் விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு ஊர் கூடும். நீ ஒண்ணியும் பேச வாணாம் கண்ணு. உனுக்குதான் பேச்சே வராதே. எதையோ நெட்ல பாத்து மன்சுல தோணினத வரஞ்சிட்டான்னு நான் சொல்றேன். இன்னாமா, அப்டித்தானேன்னு கேப்பாங்க. நீ தலைய ஆட்டு, போதும்."

அவர் போன பிறகு அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மார்க்கெட்டில் பக்கத்துக் குப்பத்துப் பெண்கள் அவள் கூடைக்குப் பக்கத்தில் உட்காராமல் எழுந்து போனதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தலையை ஆட்டுவதில் என்ன இருக்கிறது என்றாள். அண்ணன் வாசலில் உட்கார்ந்து பிளைவுட் துண்டு ஒன்றை உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தான். யாரும் அவனிடம் கேட்கவில்லை. அது வழவழப்பான பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வலைக்கூடத்தில் கூடினார்கள். சுவர் இல்லாமல், தூண்களும் தகரக் கூரையும் மட்டும் உள்ள கூடம் அது. ஆண்கள் உள்ளே தரையிலும் வலைக் குவியல்கள் மேலும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துக் குப்பத்திலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. பெண்கள் தூண்களுக்கு வெளியே நின்றோம். எங்கள் ஊர்த் தலைவர் கிருஷ்ணப்பன் நடுவில் இருந்தார். அண்ணன் நீலமேகம் மாமாவுக்குப் பின்னால் ஒரு வலைக் குவியலில் உட்கார்ந்திருந்தான். புழுக்கம் தாங்காமல் பாதிப் பேர் பனியனோடு இருந்தார்கள். அவன் மட்டும் முழுக்கைச் சட்டை போட்டு, மணிக்கட்டில் பித்தானும் மாட்டியிருந்தான்.

பக்கத்துக் குப்பத்தார் போனை எடுத்துக் காட்டினார்கள். பச்சைப் போட், சிவப்புப் பட்டை, யாருடையது என்று குழந்தைக்கும் தெரியும் என்றார்கள். நீலமேகம் மாமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஊரில் பாதிப் போட் பச்சைதான் என்றார். வலையை யாராவது கண்ணால் பார்த்தீர்களா, மீனைப் பார்த்தீர்களா என்று கேட்டார். யாரும் பார்த்திருக்கவில்லை. ஒரு சின்னப் பெண், பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் அடைந்து கிடக்கிற பிள்ளை, கற்பனையாகக் கிறுக்கியதை வைத்து நாற்பது பேர் பிழைப்பில் மண்ணைப் போடுவீர்களா என்றார்.

"வளையலு வரஞ்சிச்சாம்பா" என்று அந்தப் பக்கம் யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. "அடுத்த வாட்டி போட்டுக்கு பூ வச்சி பொட்டு வச்சி வுடும்."

கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. என்னை முன்னால் வரச் சொன்னார். அம்மா என் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். தூணைத் தாண்டி இரண்டு அடி போனேன். அவ்வளவு ஆண்களின் முகங்களை நான் ஒன்றாகப் பார்த்ததில்லை. தரையையே பார்த்தேன். மணலில் ஒரு பீடித் துண்டு கிடந்தது.

அவர் தணிந்த குரலில் கேட்டார். நீலமேகம் சொல்வது சரிதானா, இது நீயாக நினைத்து வரைந்ததுதானா என்றார். சண்டை வராமல் இது இங்கேயே முடிந்துவிட்டால் நல்லது என்று அவரும் நினைத்தார் என்று தோன்றியது. எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். நான் பேச வேண்டியதுகூட இல்லை. என் தலை கொஞ்சம் கீழே இறங்கியது.

"இரு" என்று ஒரு குரல் கேட்டது.

கெங்கம்மா அக்கா பெண்கள் நடுவிலிருந்து வந்தாள். தாலி அறுத்தவள் ஊர்க்கூட்டத்தின் நடுவில் வந்து நிற்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. இரண்டு மூன்று பேர் தடுத்தார்கள். அவள் அவர்களையோ கிருஷ்ணப்பனையோ பார்க்கவில்லை. என் எதிரில் வந்து நின்று, முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே எத்திராஜ் மாமா படம் இருந்தது. ஓயாமல் தொட்டுத் தொட்டு அதன் மூலைகளில் வார்னிஷ் போயிருந்தது. அவர்கள் வீட்டில் மாலை போட்டு மாட்டியிருக்கும் ஸ்டுடியோ போட்டோவை அவள் பார்ப்பதே இல்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

"எனுக்கு வலையும் வாணா, போட்டும் வாணா" என்றாள். சத்தமே இல்லாமல் பேசினாள். "அத்த மன்சுல நென்ச்சி வரஞ்சன்னா, இத்தயும் அப்டித்தான் வரஞ்சியா? அவுரு திரும்பிப் பாத்தாருன்னு சொன்னியே. அது நீ கண்ணால பாத்ததா, இல்ல என் மன்சுக்காவ சொன்னியா?"

நீலமேகம் மாமா, இது வேறு அது வேறு என்று குறுக்கிட்டார். கிருஷ்ணப்பன் அவரைக் கையமர்த்தினார்.

அவள் இமைக்காமல் என்னைப் பார்த்தாள். அவள் புருஷன் வீட்டுப் பக்கம் திரும்பியதற்கும், காதில் பீடி வைத்திருந்ததற்கும் இந்த உலகத்தில் என்னைத் தவிர சாட்சி இல்லை. நான் பார்க்காததையும் வரைகிறவள் என்று ஆகிவிட்டால், அந்தக் காலை அவளுக்கு இல்லாமல் போய்விடும். நான் வலைக் குவியலின் பக்கம் பார்த்தேன். அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தலையை ஆட்டவில்லை, கண்ணைக் காட்டவில்லை. முழங்கால் மேல் வைத்திருந்த கைகளை மட்டும் மெதுவாகக் கீழே இறக்கினான்.

தொண்டை அடைத்தது. வகுப்பில் அடைத்ததுபோலவே அடைத்தது.

"பாத்ததுதாங்கா" என்றேன்.

என் குரல் எனக்கே கேட்கவில்லை. கிருஷ்ணப்பன் முன்னால் குனிந்தார்.

"எத்தமா?"

"ரெண்டியும்."

கெங்கம்மா அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். படத்தை முந்தானையில் வைத்து முடிந்தாள். பக்கத்துக் குப்பத்தார் எழுந்து நின்று ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். நீலமேகம் மாமாவும் எழுந்தார். நேற்று என் படங்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த முகம் அது இல்லை.

"பொய் சொல்லுது. பக்கம் பெருசாவணும்னு பொய் சொல்லுது. இதோட வார்த்தய நம்புவீங்களா? அவ அண்ணன் என் போட்டுலதான் கீறான். அவன கேளுங்க. டேய் பிரகாஷு, சொல்லுடா. உன் தங்கச்சி பாத்தாளா?"

கூடம் அண்ணன் பக்கம் திரும்பியது.

அவன் எழுந்து நின்றான். லுங்கியில் ஒட்டியிருந்த வலைத் துணுக்குகளைத் தட்டினான். பிறகு வலது மணிக்கட்டின் பித்தானைக் கழற்றி, சட்டைக் கையை ஒவ்வொரு மடிப்பாக முழங்கைக்கு மேல்வரை சுருட்டினான். இடது கையையும் அப்படியே செய்தான். அவசரமே படவில்லை. காயங்கள் காய்ந்து கறுத்திருந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை, ஒன்றன் கீழ் ஒன்றாக, வளையம் வளையமாக இருந்தன. அவன் கைகளை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தபடி நின்றான். படத்தில் நான் வரைந்தது போலவே நின்றான்.

அதற்குப் பிறகு யாரும் அவனிடம் எதையும் கேட்கவில்லை. நீலமேகம் மாமா உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். தூணருகே குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடி மாட்டிக்கொண்டான். அம்மா அவன் சட்டையைப் பிடித்தாள். அவன் அவள் விரல்களை மெதுவாக எடுத்துவிட்டான். எனக்கு ஒரு கை தூரத்தில் கடந்தான். அண்ணா என்று கூப்பிட வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் சட்டைப் பையிலிருந்து நேற்று தேய்த்துக்கொண்டிருந்த பிளைவுட் துண்டை எடுத்து, பக்கத்தில் இருந்த ஐஸ் பெட்டியின் மூடிமேல் வைத்தான். என்னைப் பார்க்கவில்லை. கரையைத் தாண்டி, கற்களின் மேல் ஏறி, துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் நுழைந்து போய்விட்டான்.